விழுவதற்கு ஒரு தரை

கார்ப்பெட் கடையில் மண்டியிட்டு உட்கார்ந்து, மாதிரிக்கு வைத்திருந்த துண்டுகளில் ஒவ்வொன்றாக நெற்றியை மோதிப் பார்த்தேன். முதலில் மெதுவாக. அப்புறம் கொஞ்சம் பலமாக.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருந்தது அந்தக் கடை. கீழே பூக்கடை, மாடியில் கார்ப்பெட். படியேறும்போதே மல்லிகை வாசனை போய், புது ரப்பரும் பசையும் கலந்த வாசனை மூக்கில் ஏறும். போனில் பேசிக்கொண்டிருந்த கடைக்காரர் ஹக்கீம் பாய் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தார்.

“என்னம்மா, மயக்கமா? தண்ணி கொண்டாரச் சொல்லவா?”

“மயக்கம்லாம் இல்ல பாய். தலை பட்டா வலிக்குதான்னு பாக்குறேன்.”

“தலையா? எல்லாரும் காலால மிதிச்சுத்தானே பாப்பாங்க?”

“எங்க வீட்டுக்காரருக்கு வலிப்பு வரும் பாய். எங்க நிக்கிறாரோ அங்கேயே விழுவாரு. அதான்.”

ஹக்கீம் பாய் போனை அணைத்து வைத்தார். உள்ளே போய், சுருட்டி நிறுத்தியிருந்த வரிசையிலிருந்து ஒரு துண்டை எடுத்து வந்தார். அடர்ந்த, சாம்பல் நிறத் துண்டு. அதன் அடியில் ஒரு தடித்த ஃபோமை விரித்தார்.

“நீங்க பாத்ததெல்லாம் ஆபீஸ் குவாலிட்டி. இது ஹோட்டலுக்குப் போடுறது. இதுல பாருங்க.”

மோதினேன். வலிக்கவில்லை. இன்னும் பலமாக மோதினேன். காதுக்குள் ஒரு சின்ன அதிர்வு, அவ்வளவுதான்.

“இது போதும் பாய்” என்று நிமிர்ந்தேன். எனக்குப் பின்னால் என் மகள் யாழினி அடுக்கடுக்காகத் தும்மினாள். தும்மி முடித்துவிட்டு, “சும்மா ஏர்கான் குளிரு மா” என்றாள்.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சேகர் என் கணவர். யாழினி எங்கள் ஒரே மகள், அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். பல ஆண்டுகள் காத்திருந்து, பிடோக் பக்கம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்திருந்தது. சாவி கைக்கு வந்துவிட்டது. தரை மட்டும் வெறும் சிமெண்டாகக் கிடந்தது. என்ன தரை போடுவது என்பதில் எங்கள் மூவருக்கும் சண்டை.

சேகர் அன்று மாடிக்கு வரவே இல்லை. கீழே பூக்கடை ஓரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நாங்கள் இறங்கி வந்ததும் என் நெற்றியைப் பார்த்தார். அது சிவந்திருந்திருக்க வேண்டும்.

“சொன்னா கேக்க மாட்ட” என்றார். பேருந்து நிறுத்தத்தை நோக்கி முன்னால் நடந்தார்.

பேருந்திலிருந்து இறங்கியவர்

வீட்டுக்கு விண்ணப்பித்த சமயத்தில் சேகர் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். விடியுமுன்னே கிளம்பிப் போவார். மடிப்புக் கலையாத சட்டை, சுத்தமாக மழித்த முகம். வீட்டுக்கு வந்தபின்னும் உட்கார்ந்த இடத்திலிருந்து தோள்பட்டையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும் பழக்கம் அவரை விடவில்லை. “எல்லாரும் ஏறியாச்சா?” என்று யாழினி கேலி செய்வாள்.

புது வீட்டுக்கு என்ன தரை என்று அப்போதே பேசியிருக்கிறோம். முகம் தெரியும்படி பளபளப்பாக, பெரிய பெரிய வெள்ளை டைல்ஸ் வேண்டும் என்பார். “துடைச்சா அப்படியே தண்ணி மாதிரி இருக்கணும் கோமதி.” அப்படிப்பட்ட ஒரு வீட்டை ஏதோ கல்யாணத்துக்குப் போன இடத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

கட்டடம் பாதி எழும்பியிருந்த காலத்தில்தான் தலைவலி தொடங்கியது. மூளையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டி. புற்றுநோய் இல்லை என்றார்கள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் கட்டி இருந்த இடத்தில் தழும்பு ஒன்று தங்கிவிட்டது. அந்தத் தழும்பிலிருந்து வலிப்பு வந்தது.

முதல் முறை வந்தது தேக்கா மார்க்கெட்டில். மீன் கடைகள் இருக்கும் பக்கம், எப்போதும் ஈரமாகவே இருக்கும் தரை. நான் இறாலுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. யாரோ பெட்டியைப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் திரும்பவில்லை. பக்கத்துக் கடைக்காரரின் முகம் மாறியதைப் பார்த்துத்தான் திரும்பினேன். சேகர் ஈரத் தரையில் கிடந்தார், கைகால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒருவர் சாவிக்கொத்தை எடுத்து சேகர் கையில் திணித்தார். “இரும்பு கையில இருந்தா நின்னுரும் லா” என்று ஒரு பெரியம்மா சொன்னார். கைகால் வெட்டுவது நின்றது. சாவியாலா, தானாகவா என்று யாரும் ஆராயவில்லை. புருவம் கிழிந்து, இரத்தம் மீன் கழுவிய தண்ணீரோடு சேர்ந்து சாக்கடைக் கம்பியை நோக்கி ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டு நான் இறால் பையைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

அதோடு ஓட்டுநர் உரிமம் போயிற்று. வேலையும் போயிற்று.

ஆங் மோ கியோ மொசைக்

அப்போது நாங்கள் இருந்தது ஆங் மோ கியோவில் ஒரு பழைய மூவறை வீடு. அந்தக் காலத்து வீடுகளின் தரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கட்டை விரல் அகலத்துக்குச் சின்னச் சின்ன மொசைக் சதுரங்கள், பச்சையும் வெள்ளையுமாக. வெயில் காலத்தில் அதில் வெறும் முதுகோடு படுத்தால் உடம்பு குளிர்ந்துவிடும். நான் பிறந்து வளர்ந்ததும் அதே வீட்டில்தான்; என் அப்பா வேலை முடிந்து வந்து அப்படித்தான் படுப்பார். எழுந்தால் முதுகு முழுக்கக் கட்டம் கட்டமாகத் தடம் இருக்கும். நானும் என் தம்பியும் அதில் விரலால் புள்ளி வைத்து விளையாடுவோம்.

அதே தரையில்தான் சேகர் விழுந்தார். மருந்து மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள். மாதக்கணக்கில் வராது. இனி வராது என்று நாங்கள் நம்பத் தொடங்கும்போது வரும். எந்த முன்னறிவிப்பும் கிடையாது. பேசிக்கொண்டே இருப்பார், ஒரு சொல் பாதியில் நிற்கும், மரம் சாய்வதுபோல அப்படியே சாய்வார். கையை ஊன்ற மாட்டார். அவர் விழும்போது அவர் அங்கே இருப்பதில்லை.

பின்மண்டையில் தையல். தாடையில் தையல். ஒரு பல் போயிற்று. நான் பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். என் கணவரை நானே பெயர் சொல்லி உள்ளே அனுப்பினேன்.

தலைக்கவசம் போடச் சொன்னார் மருத்துவர். மிருதுவான, நீல நிறத் தலைக்கவசம். ஒரே ஒரு நாள் போட்டுக்கொண்டு ரயிலில் வந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை கண் எடுக்காமல் பார்த்தது. வீட்டுக்கு வந்ததும் கழற்றி அலமாரிக்குள் போட்டவர் அதைப் பிறகு தொடவே இல்லை. பாலர் பள்ளியில் போடுவார்களே, ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஃபோம் பாய், அதை வாங்கி வந்தேன். “நான் என்ன நர்சரி புள்ளையா?” என்று கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கார்ப்பெட் என்றால் அது ஹோட்டலிலும் ஆபீஸிலும் இருப்பது. அதில் யாரையும் நோயாளியாகக் காட்டும் அடையாளம் இல்லை. அப்படித்தான் என் மனத்தில் கார்ப்பெட் வந்து உட்கார்ந்தது.

யாழினியின் மூச்சு

நான் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. யாழினிக்கு ஆஸ்துமா.

தத்தித் தத்தி நடக்கும் வயதிலிருந்தே உண்டு. மார்புக்கூடு உள்ளே இழுத்துக்கொள்ள, கழுத்துக் குழியில் தோல் துடிக்க, அவளைத் தூக்கிக்கொண்டு அரசு பாலிகிளினிக்குக்கு ஓடியிருக்கிறோம். சேகர் அப்போதெல்லாம் பயந்து போவார். முகமூடி வழியாக மருந்துப் புகை போகும்போது மகளின் பாதத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பார்.

தீபாவளிக்கு முன் லிட்டில் இந்தியாவில் கூடாரச் சந்தை போடுவார்களே, அங்கே வாங்கிய ஒரு சிவப்புக் கார்ப்பெட் எங்களிடம் இருந்தது. ஓரத்தில் பொன் நிறக் குஞ்சம். பண்டிகைக்கு மட்டும் விரித்து, பிறகு சுருட்டிக் கட்டிலடியில் வைப்போம். இந்த ஊரில் பலர் வீட்டில் அப்படித்தான். சுவரோடு சுவராக ஒட்டிய கார்ப்பெட்டை யாரும் போடுவதில்லை. ஈரம் பிடிக்கும், தூசிப் பூச்சி சேரும். யாழினியைப் பார்த்த மருத்துவர் முதலில் கேட்டதே, “வீட்டில் கார்ப்பெட் இருக்கிறதா?” என்றுதான். அன்றே அதைக் கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டோம்.

வளர வளர அவளுக்குக் குறைந்தது. இன்ஹேலரைப் பள்ளிப் பையில் வைத்திருப்பாள், எப்போதாவது எடுப்பாள்.

இப்போது புரிந்திருக்கும். சேகர் தலைக்குக் கார்ப்பெட் வேண்டும். யாழினிக்குக் கூடாது. வீடு ஒன்று.

வெறும் சிமெண்டில் ஒரு சண்டை

அளவெடுக்க ஹக்கீம் பாய் வருவதாகச் சொன்ன நாளில் மூவரும் புது வீட்டில் காத்திருந்தோம். ஒரு நாற்காலிகூட இல்லை. பேசினால் சுவர் திருப்பிப் பேசியது.

“கடைசியாச் சொல்றேன்” என்றார் சேகர். “டைல்ஸ் போடு. அவ்வளவுதான்.”

“டைல்ஸ்ல விழுந்தா?”

“விழுந்தா தையல் போடுவாங்க. இதுவரைக்கும் போடலையா? மண்டை ஒட்டிக்கும் கோமதி. இவ மூச்சு நின்னா ஒட்டுமா?”

“அவளுக்கு இப்ப எவ்வளவோ பரவால்லைங்க. அவ ரூம்ல போட வேணாம். கதவைச் சாத்திக்கலாம். காத்து சுத்தம் பண்ற மெஷின் ஒண்ணு வாங்கலாம்.”

“பதினஞ்சு வயசுப் புள்ளைய ரூமுக்குள்ள போட்டுச் சாத்தி வெக்கணுமா? எனக்காகவா?”

யாழினி சன்னலோரம் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

“எக்ஸ்கியூஸ் மீ” என்றாள். “என் லங்ஸ் பத்தி நீங்க ரெண்டு பேருமே டிசைட் பண்றீங்க. எனக்கு மூச்சு வாங்குனா இன்ஹேலர் இருக்கு. அப்பா மண்டைக்கு இன்ஹேலர் இருக்கா? சொல்லுங்க.”

போனைப் பைக்குள் போட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

“அப்பா விழுற சத்தம் என் ரூம் வரைக்கும் கேக்கும் பா. டெய்லி அதுக்காகவே காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்கேன். பாத்ரூம்ல ஷாம்பூ பாட்டில் விழுந்தாகூட ஓடி வரேன். ஐ கான்ட் லா. ப்ளீஸ், கார்ப்பெட் போடுங்க.”

சேகர் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. எனக்கு ஒரு கணம் வலிப்புதான் வருகிறதோ என்று பயமாகிவிட்டது. ஓடிப்போய்ப் பிடித்தேன். அழுதுகொண்டிருந்தார்.

ஹக்கீம் பாய் அளவுநாடாவோடு வந்து நின்றார். “கூடத்துக்கும் எங்க படுக்கையறைக்கும்” என்றேன். “அந்தத் தடித்த ஃபோமோட.”

பாய் நேர்மையாகத்தான் சொன்னார். “போடுறதுக்கு முன்னாடி சொல்லிட்றேன்மா. டெய்லி மெஷின் போட்டு உறிஞ்சணும். மழைக் காலத்துல ஃபேனை நிறுத்தவே கூடாது.”

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

இரத்தம் வராத விழுகை

குடிபோனோம். பால் பொங்கியது. சாம்பல் நிறக் கார்ப்பெட்டில் நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது. வருகிறவர்கள் எல்லாம் ஹோட்டல் மாதிரி இருக்கிறது என்றார்கள்.

முதல் முறை சேகர் அதில் விழுந்தபோது நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தொப்பென்று ஒரு சத்தம், தலையணை விழுவதுபோல. கைகால் வெட்டி அடங்கியதும் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். யாழினி ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கண் திறந்தார். வழக்கம்போல் கையைத் தூக்கி மண்டையைத் தடவிவிட்டு விரலைப் பார்த்தார். மறுபடியும் தடவிப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லையா?” என்றார்.

“ஒண்ணும் இல்லப்பா” என்றாள் யாழினி. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. அவரும் படுத்தபடியே சிரித்தார். மூவரும் அன்று மாலை வெகுநேரம் அந்தக் கார்ப்பெட்டிலேயே படுத்துக் கிடந்தோம். எங்கள் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியான மாலை அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை.

பிறகு ஆண்டுக் கடைசியில் மழைக்காலம் வந்தது.

ஈரத் துணியை மடித்து வைத்தது போன்ற ஒரு வாடை முதலில் எங்கள் படுக்கையறை மூலையிலிருந்து கிளம்பியது. காலையும் மாலையும் தூசி உறிஞ்சினேன். ஃபேன் ஓய்வில்லாமல் ஓடியது. யாழினி கதவைச் சாத்திக்கொண்டு இருமினாள். தண்ணீர் குடித்து இருமலை விழுங்கப் பார்ப்பது எனக்குக் கேட்கும். பள்ளியிலிருந்து வந்ததும் உடனே தன் அறைக்குள் போய்விடுவாள். கூடத்தில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது மெல்ல நின்றுபோனது. வீட்டுப்பாடம் நிறைய என்றாள்.

சேகர்தான் வாய்விட்டுச் சொன்னார். “அவ ரொம்ப இளைக்கிறா கோமதி. எடுத்துடலாம்.”

“மழை விடட்டும்ங்க. காஞ்சா சரியாயிடும்.”

“சரி. மழை விட்டதும் எடுத்துடணும். அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்.”

மழை விடுவதற்கு முன்பே அது நடந்தது.

கதவுக்கு வெளியே

புதுக் கட்டடங்களில் குப்பை போடும் குழாய் வீட்டுக்குள் இருக்காது. காரிடாரில், மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கும். எல்லா வீட்டுக்கும் பொது.

மாலை நேரம். நான் அடுப்பில் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். சேகர் குப்பைப் பையை முடிச்சுப் போட்டார்.

“வெச்சிடுங்க. யாழினி போட்டுட்டு வருவா.”

“அவ படிக்கட்டும். குப்பை போடக்கூட எனக்கு ஆள் வேணுமா?”

கம்பிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எண்ணெய்ச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. எதிர்வீட்டு மலாய்ப் பெண் ரொஹானா என் பெயரைச் சொல்லி அலறியதுதான் கேட்டது.

எங்கள் கார்ப்பெட் வாசற்படியோடு முடிந்துவிடும். அதற்கு அந்தப் பக்கம் காரிடார், கெட்டியான சிமெண்டு. அதை மாற்ற எங்களுக்கு உரிமை கிடையாது, மாற்ற வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. சேகர் வாசலை ஒட்டியே விழுந்திருந்தார். வெட்டி அடங்கிவிட்டது. ரொஹானா தரையில் உட்கார்ந்து அவர் தலைக்கடியில் தன் இரண்டு கைகளையும் கொடுத்திருந்தாள். காதிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. குப்பைப் பை முடிச்சு அவிழாமல் அப்படியே கிடந்தது.

யாழினி அவர் பக்கத்தில் மண்டியிட்டு, “அப்பா, அப்பா” என்றாள். வழக்கமாகக் கண் திறக்கும் நேரம் வந்தது. அந்த நேரம் தாண்டியும் போய்விட்டது.

மூளைக்குள் இரத்தக்கசிவு. மறுபடியும் அறுவை சிகிச்சை. பல வாரம் மருத்துவமனை. உயிர் திரும்பியது. வலப்பக்கக் கையும் காலும் திரும்பவில்லை. பேச்சும் திரும்பவில்லை. நாம் பேசுவது புரிகிறது என்றார்கள். கண்ணைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர் வாயிலிருந்து ஒரே ஒரு ஓசைதான் வந்தது. எல்லாவற்றுக்கும் அதே ஓசை.

நிவேதா சொன்னது

அவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் வீட்டைப் பார்க்க ஒரு பெண் வந்தாள். இயன்முறை சிகிச்சை நிபுணர். பெயர் நிவேதா. திருச்சியிலிருந்து வேலைக்கு வந்தவள், சின்ன வயது. குளியலறையைப் பார்த்தாள், கதவுகளின் அகலத்தைப் பார்த்தாள். கடைசியில் கூடத்து நடுவில் நின்று காலால் அழுத்திப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, இந்தக் கார்ப்பெட்ட எடுத்துடணும். வீல்சேர் இதுல நகராது, சக்கரம் புதைஞ்சிடும். படுக்கையில யூரின் கசிஞ்சு கீழ சிந்துனா கிருமி வந்துடும். வழுவழுன்னு, தொடைக்கிற மாதிரி தரை வேணும்.”

“அவரு விழுவாரேம்மா” என்றேன். என்னை அறியாமல் வந்த பேச்சு. அத்தனை காலம் எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் அங்கேதான் போய் முடியும்.

நிவேதா என்னைப் பார்த்தாள். “விழ மாட்டாரு ஆன்ட்டி. விழணும்னா மொதல்ல நிக்கணும்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. “சாரி ஆன்ட்டி. சாரி. நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. இரண்டாவது முறை தரை தேர்ந்தெடுக்க நான் எடுத்துக்கொண்ட நேரம் மிகக் கொஞ்சம். வினைல் பலகை, வழுவழுப்பான பிளாஸ்டிக் தரை. என்ன நிறம் என்றார் ஹக்கீம் பாய். எதுவானாலும் சரி என்றேன்.

கார்ப்பெட்டைப் பிய்க்க ஆட்களோடு அவரே வந்தார். கத்தியால் நீளமாகக் கீறி, மூலையைப் பிடித்து இழுத்தார்கள். பசை விடும் சத்தம் அறை அறையாகப் போனது. படுக்கையறை மூலையில் ஃபோமின் அடிப்பக்கம் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. பாய் அதை என் கண்ணில் படாமல் அவசரமாக மடித்தார். நான் பார்த்துவிட்டேன். யாழினியும் பார்த்துவிட்டாள்.

சேகர் வந்தார். சக்கரம் தடங்கல் இல்லாமல் உருண்டது. வாசலிலிருந்து கட்டில் வரை ஒரு தள்ளலில் போய்விட்டது.

சில வாரங்கள் கழித்து, நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது யாழினி வந்து அறை வாசலில் நின்றாள். பள்ளிச் சீருடைகூட மாற்றவில்லை.

“மா, இன்னிக்கு பீஈ கிளாஸ்ல கிரவுண்ட்ட சுத்தி ஓடுனேன் மா. ஃபுல்லா ஓடுனேன். எனக்கு ஒண்ணுமே ஆகல.”

“நல்லதுதானேம்மா.”

“நல்லா மூச்சு வருது மா.” அவள் முகம் கோணியது. “எனக்கு இப்படி நல்லா மூச்சு வரக் கூடாதுன்னு இருக்கு மா.”

கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனேன். சேகர் முந்திக்கொண்டார். இடது கையை மெல்லத் தூக்கினார். அவள் வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்ததும், அந்தக் கையை அவள் முதுகில் வைத்தார். அவள் மூச்சு விடும்போதெல்லாம் அந்தக் கை ஏறி இறங்கியது. அவருக்கு அது போதும் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குப் போதவில்லை. அவளுக்கும் போதவில்லை.

நிற்க வைத்த நாள்

நிவேதா வாரந்தோறும் வந்தாள். காலை மடக்குவாள், நீட்டுவாள், அவரைத் திட்டுவாள், சிரிக்க வைப்பாள். வலிப்பு மருந்து அப்போது பலமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் பாதி நேரம் தூக்கத்தில் இருந்தார்.

ஒரு நாள் சொன்னாள். “ஆன்ட்டி, இடது கால்ல நல்ல பலம் இருக்கு. வலது காலும் கொஞ்சம் தாங்குது. இன்னிக்கு நிக்க வெச்சுப் பாக்கலாமா?” என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். “நான் இடுப்புல பெல்ட் போட்டுப் பிடிச்சுக்குவேன். ஆனாலும் முட்டி மடங்கிட்டா சட்டுனு போயிடுவாரு. இந்தத் தரை கெட்டியா இருக்கு. உங்களுக்குப் பயமா இருந்தா வேணாம்.”

சேகர் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்த ஒரே ஓசையை எழுப்பினார்.

யாழினி என் தோளைப் பிடித்தாள். “மா?”

“விழட்டும்” என்றேன்.

நிவேதா பெல்ட்டைப் பிடித்தாள். யாழினி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் உடம்பு முழுக்க நடுங்கியது. நெற்றியில் வியர்வை கோத்தது. எழுந்தார். எங்கள் இருவரையும்விட உயரமானவர் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க நான் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு முட்டி மடங்கி நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை முயன்றுவிட்டோம். முடியவில்லை. இனி முடியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். நிவேதா அதை நம்பவில்லையா, இல்லை எனக்காக நம்பாததுபோல நடந்துகொள்கிறாளா தெரியாது. இன்றைக்கும் வந்தால் முதலில் பெல்ட்டை எடுத்துக்கொண்டு, “நிக்க வெச்சுப் பாக்கலாமா ஆன்ட்டி? விழுந்தா?” என்று கேட்கிறாள்.

நான் அதே பதிலைத்தான் சொல்கிறேன்.